கூசாச் செடி

இப்போது ஒரகடம் பக்கம் கண்ணாடி போட்ட கடைகளில் அந்தக் காயைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, சுக்கினி என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். தொண்ணூற்றொன்றில் அந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? பிள்ளைப்பாக்கத்தில் அதற்குப் பெயர் கூசா. அரபிக்காரன் வாயிலிருந்து கன்னியப்பன் வாய்க்கு வந்து, அங்கிருந்து ஊருக்கு வந்த பெயர். செடி இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான், லீலாவின் வீட்டுப் பின்பக்கம்.

லீலாவின் கணவன் யாக்கோபும் பக்கத்து வீட்டுக் கன்னியப்பனும் ஒன்றாகத்தான் குவைத்துக்குப் போனார்கள். ஒரே பங்களாவில் தோட்ட வேலை, ஒரே அறையில் படுக்கை. முந்தின வருஷம் ஆகஸ்டில் ஈராக் பட்டாளம் உள்ளே புகுந்ததும் எல்லாம் தலைகீழாகிப் போயிற்று. பாலைவனம் தாண்டி, முகாமில் கிடந்து, பிளேன் ஏறி, பம்பாயிலிருந்து ரயிலில் கன்னியப்பன் வந்து சேர்ந்தான். போகும்போது இரண்டு பேர், வரும்போது அவன் மட்டும்.

லீலா ஓடிப்போய் அவன் எதிரில் நின்றாள். “அவரு பின்னால வந்துகினு கீறாராண்ணா?”

கன்னியப்பன் தலையை ஆட்டினான். அது எந்த மாதிரி ஆட்டல் என்று அங்கே ஒருவராவது உற்றுப் பார்த்திருக்கலாம். எங்கே பார்த்தார்கள்? அதற்குள் அவன் மனைவி செல்லம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தெருவே கூடும்படி அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கூச்சலுக்கு நடுவே அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து லீலாவிடம் கொடுத்தான்.

“உன்னாண்ட குடுக்கச் சொன்னான். கூசா விதை.”

அவன் சொன்னது அவ்வளவுதான். மீதி எல்லாவற்றையும் லீலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அங்கே கூட்டம் அதிகம், பிளேன் குறைச்சல், முறை வரும்போது வருவார், வந்ததும் சாப்பிடத்தான் விதையை முன்னால் அனுப்பியிருக்கிறார். கேட்ட நான்கு பேரிடம் இதையே சொன்னாள், நான்கு பேரும் நம்பினார்கள், பிறகு அவர்கள் சொல்லக் கேட்டு அவளும் இன்னும் உறுதியாக நம்பினாள். செல்லம்மாள் வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டபடி மொட்டை போட்டுவிட்டு வந்து, “உங்காளுக்கும் சேத்துதான்டி வேண்டிக்கினேன்” என்று லீலாவின் நெற்றியில் விபூதி வைக்கப்போய், வேதக்காரி என்ற நினைப்பு வந்து கையை மடக்கிக்கொண்டாள். லீலா தானே நெற்றியை நீட்டிக் காட்டினாள். எந்தச் சாமி கொண்டுவந்து விட்டாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

மழை ஓய்ந்து, பொங்கல் கழிந்து, ரேடியோவில் அங்கே சண்டை தொடங்கிவிட்டதாகச் சொன்ன வாரத்தில் அவள் விதையை ஊறப்போட்டாள். பூசணி விதை போலத்தான் இருந்தது, கொஞ்சம் சன்னம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்ததை யாக்கோபின் பழைய வேட்டித் துண்டில் முடிந்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோரம் சூடு படும்படி வைத்தாள். காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளித்தாள். சில நாளில் துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. பாதி விதை அழுகிப் போயிருந்தது. மிச்சத்தைச் சாணி எரு போட்ட குழியில் ஊன்றினாள். கோழி கிளறியது போக, வெயிலில் வாடியது போக, தடியான இரண்டு விதையிலையோடு ஒன்று நின்றது. ஒரு பிள்ளைக்குக் காவல் இருப்பது போல அதற்குக் காவல் இருந்தாள்.

செடி வளர்ந்ததும் இலையில் நரம்போரம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. செல்லம்மாள் பார்த்துவிட்டு, “நோவு வந்துடுச்சிடி, புடுங்கிப் போடு, பக்கத்துல கீற செடிக்கும் ஒட்டிக்கப் போவுது” என்றாள். லீலா பிடுங்கிவிடக் குனிந்தாள். செடியின் அடியில் கையை வைத்துவிட்டாள்.

“ஏய், கைய எடு!” வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கன்னியப்பன் கத்தினான். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். “நோவும் இல்ல ஒண்ணும் இல்ல. கூசா இலையே அப்டித்தான் இருக்கும். யாக்கோபு இதப் பாத்துச் சிரிப்பான். செடிக்குத் தேமல் வந்துகீதுன்னு சொல்லுவான்.”

லீலா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சவுக்குக் குச்சி நட்டு, கயிறு கட்டி, பந்தல் ஒன்று போட்டு வைத்திருந்தாள். பூசணி வகை என்றால் ஏறத்தானே வேண்டும்? இது ஏறுகிற வழியாக இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு பக்கவாட்டில் பெருத்தது. பந்தலைப் பார்த்தும் கன்னியப்பன் சொன்னான், “அங்க எவனாச்சும் கூசாவுக்குப் பந்தல் போட்டா ஊருக்கெல்லாம் காட்டிச் சிரிப்பான் அவன்.”

பிறகு பூ வந்தது, கை அகலத்துக்கு மஞ்சள் பூ. வந்ததெல்லாம் காம்பு நீண்ட ஆண் பூ, மத்தியானத்துக்குள் சுருங்கி விழுந்தது. அப்புறம் பிஞ்சோடு பெண் பூ வந்தது, அந்தப் பிஞ்சும் மஞ்சளாகி அழுகியது. யாரோ பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டிக் காட்டிவிட்டார்கள், அதனால்தான் அழுகுகிறது என்று லீலா அக்கம்பக்கத்தை எல்லாம் மனதுக்குள் திட்டினாள். கன்னியப்பன் வந்து பார்த்தான். ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து எறிந்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் மெதுவாகத் தடவினான்.

“அங்க வண்டு கெடையாது. எல்லாம் கையாலதான். யாக்கோபுதான் செய்வான். வெய்யில் ஏற்றதுக்குள்ள ஒவ்வொரு பூவா தடவி வுடுவான். அவன் கைக்கு ஒண்ணு கூட தப்பாது.”

“அவரு வர்ற வரைக்கும் நீ செய்யிண்ணா” என்றாள் லீலா.

செய்வான், சிரிப்பான், சொல்லுவான். நம் பாஷையில் அன்றைக்கெல்லாம் செய்துகொண்டிருந்ததற்கும் நாளைக்குச் செய்யப்போவதற்கும் ஒரே வார்த்தைதான். கன்னியப்பன் அன்றையதைச் சொன்னான். லீலா நாளையதைக் கேட்டாள். இருவருக்கும் அந்த வார்த்தை வசதியாக இருந்தது, அதுதான் கொடுமை. ஷிப்ட் முடிந்த ஒவ்வொரு காலையும் அவன் தூங்கப் போகாமல் வேலி தாண்டி வந்து பூவைத் தடவினான். அவன் கண் சிவந்திருப்பது தூக்கமில்லாததால் என்று அவள் நினைத்தாள்.

முதல் காய் நின்றது. பச்சையாக, மினுமினுப்பாக, வெள்ளரி போல. லீலா அதன் மேல் துணி போட்டு மூடினாள், பார்ப்பவர் கண் படாமல் இருக்க. விரல் நீளம் ஆயிற்று, கை நீளம் ஆயிற்று.

“அறுத்துடு லீலா. இதான் பதம்” என்றான் கன்னியப்பன்.

“அவரு வந்து அறுக்கட்டும். சண்டை ஓஞ்சி போச்சின்னு ரேடியோவுலயே சொல்ட்டான். ஈஸ்டருக்கு வந்துடுவாரு பாரேன்.”

தவக்காலம் முழுக்க அவள் ஒரு வேளைதான் சாப்பிட்டாள். சர்ச்சுக்கு முதல் ஆளாகப் போனாள். ஈஸ்டருக்குப் புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசி பஸ்ஸும் போயிற்று. காய் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. தொடை பருமன் ஆகி, தோல் கட்டையாகி, செடியின் சத்தை எல்லாம் ஒன்றே உறிஞ்சியது. புதுப் பூ வரவில்லை. கீழ் இலைகள் காய்ந்தன. இந்தத் தடவை அது நோய்தான், பட்டினி நோய்.

ஈஸ்டர் கழிந்த வாரம் கன்னியப்பன் கையில் கத்தியோடு வந்தான்.

“வாணாண்ணா” என்று லீலா செடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“செடியே போய்டும், லீலா. ஒரு காய முத்த வுட்டா மத்தது எதுவும் வராது. யாக்கோபு இப்டி வுட மாட்டான். கை நீளம் ஆனதும் அறுத்துடுவான். அங்கயே குந்திகினு பச்சையாவே கடிச்சுத் துண்ணுவான். உப்பு வாணுமாடான்னு கேட்டா, உப்பு கூட...”

அவனால் முடிக்க முடியவில்லை. குரல் உடைந்து நின்றது. நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லும்போது யாருக்கும் அப்படிக் குரல் உடையாது. லீலா அவன் முகத்தை முதல் முறையாக நன்றாகப் பார்த்தாள்.

“அண்ணா, துண்ணுவாருன்னியே. இனிமே வந்து துண்ணுவாரா, அங்க கீறப்போ துண்ணுவாரா?”

கன்னியப்பன் கத்தியைக் கீழே வைத்தான்.

“அங்க கீறப்போ.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். எல்லைக்கு அந்தப் பக்கத்து முகாமில் யாக்கோபுக்கு வயிற்றால் போனது, குடிக்கத் தண்ணீர் இல்லை, லாரி வருவதற்குள் உயிர் போய்விட்டது. விதைப் பொட்டலத்தைக் கையில் திணித்ததுதான் கடைசி. “நான்தான் மண்ணு போட்டேன். உன் மூஞ்சியப் பாத்ததும் வாய் வரல. இன்னிக்கி சொல்லலாம், நாளைக்கி சொல்லலாம்னு...”

லீலா கையைத் தலைக்குக் கொண்டுபோய், வைத்திருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். “நேத்து கூட ஜெபம் பண்ணேனே. அவரப் பத்திரமா பிளேன் ஏத்தி வுடு ஆண்டவரேன்னு கேட்டேனே.” அதற்குப் பிறகுதான் அலறினாள்.

சத்தம் கேட்டு செல்லம்மாள் ஓடி வந்தாள். அவள் கணவன் மண்ணில் குத்துக்காலிட்டு, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “இன்னாய்யா ஆச்சி? இன்னாடி, யாருக்கு இன்னா?” என்று அவனைப் பிடித்து உலுக்கினாள்.

லீலாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணன ஒண்ணும் கேக்காதக்கா” என்றாள். “எங்க வூட்டுக்காரரு செத்துட்டாரு.”