கோட்டின் தடிமன்

...இல்லை, ஆர்னவுட் காப்பி குடித்து முடிக்கட்டும், கையில் சூடான கோப்பை இருக்கும்போது சொல்ல வேண்டாம், எழுபத்தேழு வயதுக் கை, நடுங்கினால் முழங்காலில் கொட்டிக்கொள்வார், என்று எண்ணியபடியே ஹென்றிகா அகழிப் பாலத்தைக் கடந்து மண்மதிலின் மேல் ஏறினாள், அக்டோபர் காலை, புல்லெல்லாம் ஈரம், சரிவில் செம்மறிகள் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டன. நேற்று இதே நேரம்தான் ஆர்னவுட் கேட்டார், சுற்றி வளைக்காமல், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் அதே குரலில், என் வீட்டுக்கே வந்துடேன் ஹென்றிகா, ரெண்டு பேருக்கு ரெண்டு அடுப்பு எதுக்கு, என்று. நாளைக்குச் சொல்றேன் என்றாள். நாளை வந்துவிட்டது. சரி என்று சொல்ல ஆசைதான், அறுபத்து நாலு வயதில் அந்தச் சொல் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் ஆசைதான்... ஆனால் தான் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்த பிறகும் அவர் கேட்டால் அது வேறு. தெரியாமல் கேட்டதற்குச் சரி சொன்னால், அந்த வீட்டுச் சமையலறையில் தினமும் எதை மறைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரிப்பது?

அந்தச் சமையலறை என்றதும் இன்னொரு சமையலறை, அம்மாவின் பழைய சமையலறை. நகராட்சி ஆட்கள் வந்து மேசைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார்கள், சுருண்டுகொள்ளாமலிருக்க ஒரு முனையில் அம்மாவின் சர்க்கரைக் கிண்ணம். அவளுக்குப் பதினொரு வயது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று. ஊரின் மதிலை அப்பாவின் தாத்தா காலத்திலேயே இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள், புதிய பீரங்கிகளின் முன்னால் மண்மதில் எதற்கு என்று, அகழியையும் அந்த மண்ணாலேயே தூர்த்துவிட்டார்கள், பிறகு அதன்மேல் வீடுகள் வந்தன, லீக் கீரைப் பாத்திகள் வந்தன, அப்பாவின் புறாக்கூடு வந்தது. இப்போது ஊரை முந்நூறு வருடத்துக்கு முந்தைய வரைபடத்தில் இருப்பதுபோலத் திரும்பக் கட்டப்போகிறோம் என்றார் பெரிய அதிகாரி, ஸ்பானியர்களை எதிர்த்து நின்ற கோட்டை, பிரெஞ்சுக்காரர்கள் வந்த கோட்டை, என்றெல்லாம். செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டுகிற அப்பா வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதுல நாங்க எங்க இருக்கோம்?” என்று மட்டும் கேட்டார். அதிகாரி சிரித்தார். கூட வந்திருந்த இளைஞன், வரைபடம் தூக்கிவந்தவன், காதுகள் விரிந்து நிற்பவன், சிரிக்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான், அம்மா கொடுத்த திராட்சை ரொட்டியை மட்டும் முழுக்கச் சாப்பிட்டான். அடுத்த வசந்தத்தில் வீடு இல்லை. மதிலுக்கு வெளியே புதிய குடியிருப்பில் ஒரு வீடு கொடுத்தார்கள், அதில்தான் இன்றைக்கும் இருக்கிறாள்.

ஐம்பது வருடம் கழித்து, மனைவியை இழந்து இந்த ஊருக்கே குடிவந்த ஒருவர் நகரமன்றத்தில் பழைய படங்களைக் காட்டிப் பேசியபோது அந்த இளைஞனின் விரிந்த காதுகளை அடையாளம் கண்டாள். ஒரு வார்த்தையாவது நறுக்கென்று கேட்டுவிட்டு வரவேண்டும் என்றுதான் மேடைப் பக்கம் போனாள், ஆர்னவுட் முந்திக்கொண்டு, நீங்க தினமும் மதில்மேல நடப்பீங்களாமே, நானும் வரலாமா, எனக்கு இங்க யாரையும் தெரியாது, என்றார். வாங்க என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள்? நாளைக்குக் கேட்கலாம் என்றுதான். இரண்டு வருடமாக நாளைக்கு...

“என்ன ஹென்றிகா, அந்த ஆளு உனக்கு முன்னாடியே வந்து பெஞ்ச்ச சூடு பண்ணிட்டிருக்காரு!” நாயை இழுத்துக்கொண்டு எதிரே வந்த கோர் கத்தினான், பள்ளியில் அவளுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். “கல்யாணச் சாப்பாடு எப்போ?”

“உன் நாய்க்கு மட்டும்தான் அழைப்பு,” என்றாள். அவன் சிரிப்பு பின்னால் வெகுதூரம் கேட்டது.

வடமேற்குக் கொத்தளத்தில் மதில் சட்டென்று திரும்புகிற முனையில் பெஞ்ச், கீழே அகழி, அதற்கப்பால் மாஸ் ஆற்றின் கரை. ஆர்னவுட் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றி ஒரு கோப்பையை நீட்டினார். அவர் தன்னுடையதைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, “இந்த இடத்துலதான் எங்க வீடு இருந்துச்சு,” என்றாள், நினைத்ததைவிட எளிதாக வந்துவிட்டது.

“தெரியும்,” என்றார்.

“எப்பலேருந்து?”

“முதல் வாரமே. உன் குடும்பப் பேரச் சொன்னியே. அந்தப் பேர நான்தான் புது வரைபடத்துல எழுதினேன், நான்தான் கோடு போட்டு அடிச்சேன்.” பிளாஸ்க்கை மூடியால் மூடப் பார்த்தார், மூடி பொருந்தவில்லை. “உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. அந்தப் பழைய வரைபடத்துல மதில் கோடு பேனாவால போட்டது, மூணு மில்லிமீட்டர் தடிமன். நிலத்துல அது ஒன்பது மீட்டர். கோட்டோட வெளி ஓரத்த எடுத்திருந்தா உங்க வீடு தப்பிச்சிருக்கும். உள் ஓரத்த எடுத்தா சமையலறை வழியா போகும். எது சரின்னு யாருக்கும் தெரியாது. நீயே பாத்துப் போடுன்னு என்கிட்ட விட்டுட்டாங்க.”

“நீங்க உள் ஓரத்தப் போட்டீங்க.”

“ஆமா.”

“ஏன்?”

மூடியை மறுபடி திருகிப் பார்த்தார். “முனை அழகா வந்துச்சு,” என்றார். “இருபத்து நாலு வயசு. வேற காரணம் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இல்ல.”

கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, அதற்குப் பதிலாக அற்பமான ஒரு கணக்குதான் மனதில் ஓடியது, ஒன்பது மீட்டர், கதவிலிருந்து புறாக்கூடுவரை... “இத நேத்து கேக்குறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே?”

“நேத்து இதச் சொல்லத்தான் வந்தேன். வாய் வேற எதையோ கேட்டுடுச்சு.”

சிரித்துவிட்டாள், சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஆர்னவுட் எழுந்து மதில் விளிம்பில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார், பதிலை முகத்தில் தேடக்கூடாது என்பதுபோல. அவருக்கு அப்பால் புல்சரிவு இறங்கி, தண்ணீரைத் தொட்டு, கூர்மையாக மடங்கி மறுபுறம் போயிற்று, ஒரு நாரை அந்த மடிப்பின்மேல் அசையாமல் நின்றது. வெளி ஓரமாக இருந்தால்? மனதுக்குள் அந்தப் பேனாக் கோட்டை ஒன்பது மீட்டர் வெளியே நகர்த்திப் பார்த்தாள், வீடு நின்றது, அம்மாவின் ஜன்னல் நின்றது, முனை மட்டும் மழுங்கி, அகழி ஒரு குட்டைபோலக் கிடந்தது. மறுபடி உள்ளே நகர்த்தினாள். மறுபடி வெளியே. அந்தப் பேனா தன் கையில் இருந்திருந்தால்... தானும் உள்ளேதான் போட்டிருப்பாள். இதை அவரிடம் சொல்லலாமா, சொன்னால் அது மன்னிப்பாகிவிடுமா, அப்பாவுக்கு அது என்னவாகும், தெரியவில்லை, ஆர்னவுட் இன்னும் திரும்பாமல் நிற்கிறார், அவள் கோப்பையில் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது.