பலகைக்கு அடியில் குதிரைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு கான்கிரீட் லாரியிடமிருந்து கிடைத்தது.

வேல்ஸ் மலைச்சரிவில் எங்கள் ஊர்ச் சாலை எவ்வளவு அகலம் என்றால், எதிரே ஓர் ஆடு வந்தாலே யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பெரும்பாலும் நான்தான். அன்று வந்தது ஆடு இல்லை, லாரி. தெக்வெனின் பழைய கல்வீட்டுப் பக்கமிருந்து இறங்கி வந்தது. நான் முனகிக்கொண்டே காரைப் பின்னால் ஓட்டி, பால்பண்ணை வாசலில் ஒதுங்கினேன். கடந்து போகும்போது பார்த்தேன்: முதுகிலிருந்த உருளை சுழன்றுகொண்டிருந்தது.

உள்ளே கான்கிரீட் இருந்தால் அது சுழலும். கொட்டிவிட்டு, தண்ணீர் விட்டு அலசிக்கொண்டு போனாலும் சுழலும். இதில் எது என்று எனக்குத் தெரியாது. அங்கேதான் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. சனியன், விடமாட்டேன் என்கிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மூடுபனி விலகியபோது அந்தக் கல்வீடு ஒரு" [ஒரு என்ன? வேண்டாம். மூடுபனியில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.]

இரண்டாவது: "தெக்வென் கணவனை இழந்தவள்." [உண்மைதான். ஆனால் இதை அவளிடம் படித்துக் காட்டினால் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவாள்.]

மூன்றாவது, இதையே வைத்துக்கொள்வோம்: தெக்வெனுக்கு அந்த வீடு கைவிட்டுப் போகக்கூடாது.

பெரியப்பா விட்டுப்போன வீடு. கடன் வாங்கிக் கூரையை மாற்றினாள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினாள், மாட்டுக்கொட்டிலைக் குளியலறை ஆக்கினாள். ஈஸ்டர் விடுமுறைக்கு ஆட்களைத் தங்கவைத்தால்தான் வங்கிக்காரனுக்குப் பதில் சொல்ல முடியும். வருகிற நகரத்துக்காரர்களுக்கு மலை வேண்டும், மழைகூட வேண்டும், கால் மட்டும் சில்லிடக்கூடாது. ஆகவே கூடத்தின் பழைய ஓக் பலகைகளைப் பெயர்த்துவிட்டு, உள்ளே வெந்நீர்க் குழாய் ஓடும் கான்கிரீட் தரை. வேலை கெத்தினுடையது. அவளுக்குச் சித்தப்பா மகன், ஊருக்குக் கொத்தனார், வாய் ஓயாதவன்.

அவளுக்கு இன்னொன்றும் வேண்டும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் இத்வால் வேண்டும்.

["அண்ணே" என்று அவள் கூப்பிடுவதாக எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். இங்கே அண்ணனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "அண்ணே" அதற்குள்ளேயே இருக்கிறது.]

கிறிஸ்துமஸ் காலத்தில், விடியுமுன், எங்கள் தேவாலயத்தில் குடும்பம் குடும்பமாக எழுந்துபோய்ப் பாடுவார்கள். யாரும் பேர் சொல்லி அழைப்பதில்லை. வாத்தியம் கிடையாது, கைதட்டல் கிடையாது. தெக்வென், இத்வால், கெத்தின் மூவரும் ஓர் அணி. பாட்டன் காலத்து அணி. ஆடு வளர்க்கும் இத்வாலுக்குக் காது போனதிலிருந்து அணி எழுந்திருக்கவில்லை. கருவியைக் காதில் மாட்டினால் எல்லாம் தகரம் தட்டுகிற மாதிரி இருக்கிறதாம், கழற்றிப் போட்டுவிட்டான். வீட்டை விட்டு வெளியே வருவதும் குறைந்துபோயிற்று.

வருஷாவருஷம் அவர்கள் எழுந்திருக்கும் இடம் வரும்போது கோயிலில் ஒரு மௌனம் விழுகிறது. வேறு யாரும் அதற்குள் எழுந்து வருவதில்லை. ஊரே அவர்களுக்காகப் பேசாமல் காத்திருந்துவிட்டுப் பிறகுதான் அடுத்த குடும்பம் எழுந்திருக்கும். நான் இந்த ஊருக்கு வந்து எத்தனையோ காலமாகிறது, இந்த மௌனத்துக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

3

பாதிப் பலகையைப் பெயர்த்ததும் கெத்தின் கூப்பிட்டான்.

"தெக்வென், கொஞ்சம் வாயேன். நம்ம பெரியப்பா குதிரப் பண்ணையே வச்சிருந்திருக்காரு, வாயே தொறக்கல பாரு."

"என்ன உளர்ற?"

"நீயே பாரு. எல்லாம் என்னையே பாக்குது."

பலகைக்கு அடியில், காய்ந்த குழியில், வரிசை வரிசையாகக் குதிரை மண்டையோடுகள். கீழ்த்தாடை இல்லாமல், கூரையைப் பார்த்தபடி.

(அடிக்குறிப்பாகப் போட்டிருக்க வேண்டியது: கெட்டது அண்டாமலிருக்க வைத்தார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பாட்டும் ஆட்டமும் கணீரென்று கேட்க வைத்தார்கள் என்று வேறு சிலர். அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். என் கதைக்கு இரண்டாவதுதான் வேண்டும்.)

மறுநாள் காலை லாரி வருகிறது. அதற்குள் இவற்றையும் மீதிப் பலகைகளையும் அப்புறப்படுத்த வேண்டும். டிராக்டர் இருப்பது இத்வாலிடம். "உனக்காகத்தான் வரான், வீட்டுக்காக இல்லியாம்" என்று சொல்லிக்கொண்டு கெத்தின் காலையில் அவனை அழைத்துவந்தான்.

வாசலிலேயே தெக்வென் கையை நீட்டி மறித்தாள். காலைக் காட்டினாள். "பூட்ஸைக் கழட்டு."

"ஒடைக்கப்போற தரைக்கு இவ்ளோ மரியாதையா?"

"செவுரு புதுசு. நீ வந்தா உன்கூட வயக்காடே வரும்."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். பெருவிரல் எட்டிப்பார்க்கும் காலுறையோடு, பெயர்க்காமல் விட்டிருந்த பலகைகளின்மேல் நடந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றான். இவர்களுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழிக்குள் நின்ற கெத்தின், மண்டையோடுகளைப் பார்க்கப் பயந்து, பழைய கிறிஸ்துமஸ் பாட்டில் தன் கீழ்க்குரல் பகுதியை முனகினான். [கடையில் ரொட்டி வாங்கும்போது அவனே சொன்னது. "பயந்து" என்பதை மட்டும் மறுக்கிறான்.]

இத்வாலின் தோள் விறைத்தது.

"யாரு பாடுறது?"

மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் திரும்பவே இல்லை. இவர்கள் வாயை அவன் பார்த்திருக்க வழியே இல்லை.

"கெத்தின், நிறுத்தாத" என்றாள் தெக்வென். அவளும் சேர்ந்துகொண்டாள். முதலில் குரல் எழும்பவில்லை, பிறகு எழும்பியது. இத்வால் குனிந்து தன் காலையே பார்த்தான். ஓட்டைக் காலுறையை உருவிப் போட்டுவிட்டு, வெறுங்காலைப் பலகையில் அழுத்தி ஊன்றினான். கண்ணை மூடினான். மூன்றாவது குரல் நுழைய வேண்டிய இடம் வந்தது.

நுழைந்தான்.

இந்த இடத்தில் எனக்கு எழுத வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்றோ செத்த குதிரைகள், வாயும் இல்லாமல், ஒருவனுடைய உள்ளங்கால் வழியாக அவன் தங்கையின் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. [திரும்பப் படித்தேன். மிகைதான். ஆனால் எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?] சுருதி இம்மியும் விலகவில்லை என்று கெத்தின் சத்தியம் செய்கிறான். அவன் பேச்சில் பாதியைத் தள்ளிவிடுவது என் வழக்கம். இதைத் தள்ளவில்லை.

4

"லாரி வந்துடுச்சு" என்று முதலில் சொன்னது இத்வால்தான். அதுவும் அவன் காலுக்குத்தான் தெரிந்தது.

தெக்வென் அவன் முன்னால் வந்து, உதடு தெரியும்படி நின்றாள். "திருப்பி அனுப்பப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? வீடு போயிரும்."

"போனாப் போகட்டும்."

"நான் கேட்டுட்டேன் தெக்வென். ஒரு தடவ கேட்டாச்சு, எனக்குப் போதும். கொட்டச் சொல்லு."

"எனக்குப் போதாதே, இத்வால்."

அவன் பூட்ஸை எடுக்கக் குனிந்தான். அவள் அதைக் காலால் எத்திவிட்டாள். சின்ன வயதில் சண்டை போட்ட மாதிரி இருந்தது என்கிறான் கெத்தின்.

"அம்மா தாயே, ரெண்டு பேரும் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க. டிரைவர் காத்திருப்பான், கான்கிரீட் காத்திருக்காது."

தெக்வென் வெளியே போனாள். லாரியை நோக்கிக் கையை உயர்த்தினாள். அந்தக் கை

5

[மேலே உள்ள வாக்கியத்தைப் பத்துப்பதினைந்து விதமாக முடித்துப் பார்த்துவிட்டேன். அப்படியே கிடக்கட்டும்.]

முடிவு ஒன்று: லாரி திரும்பிப் போகிறது. மூவரும் பாடுகிறார்கள். ஈஸ்டருக்குள் வீடு கைமாறுகிறது. வாங்கியவன் மறுமாதமே கான்கிரீட் போடுகிறான். [இது எனக்கே பொறுக்கவில்லை.]

முடிவு இரண்டு: மிச்சத்தையும் அவசர அவசரமாகப் பெயர்த்தெடுத்துவிட்டுக் கொட்டிவிடுகிறார்கள். இத்வால் மண்டையோடுகளைத் தன் தொழுவத்துப் பலகைக்கு அடியில் அடுக்குகிறான். ஆடுகள் பார்த்துக்கொண்டிருக்க அங்கே பாடுகிறார்கள். [இனிப்பு அதிகம். ஆனால் நள்ளிரவில் எழுதியிருந்தால் இதையே வைத்திருப்பேன்.]

முடிவு மூன்று: பாதி கான்கிரீட், பாதி பலகை. [கெத்தினிடம் கேட்டேன். "ரெண்டும் சேர்ற எடத்துல ஈரம் ஏறும், ஆறே மாசத்துல நாறும்" என்றான். சமரசத்துக்கு அவ்வளவுதான் ஆயுள்.]

"சரி, கடைசியில என்னதான் நடந்தது?" என்று அவனையே கேட்டேன். ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வீடு அங்கதானே இருக்கு, கால் இருக்குல்ல, போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

6

போனேன்.

சாலையோரம் தெக்வென் விளம்பரப் பலகை வைத்திருக்கிறாள். விடுமுறைக்குத் தங்கலாம், நாய்க்கும் இடமுண்டு என்று எழுதியிருக்கிறது. தரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாசலில் ஒரு கூடை. கூடை நிறையக் கம்பளிக் காலுறைகள். இத்வாலின் ஆட்டு ரோமமாகத்தான் இருக்க வேண்டும்.

வெந்நீர் ஓடும் தரைக்குக் கம்பளிக் காலுறை எதற்கு? சில்லிடும் பழைய பலகைதான் உள்ளே இருக்கிறதோ? இல்லை, புதுத் தரையில் சேறு படக்கூடாது என்கிற அவளுடைய அதே பிடிவாதமோ? ஷூவைக் கழற்றினேன். ஒரு காலுறையை மாட்டியும்விட்டேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறக்கவில்லை. எனக்குப் பயம். உள்ளே கான்கிரீட் இருந்துவிட்டால், கோயிலில் அந்த மௌனம் விழும்போது நான் எங்கே பார்ப்பேன்?

நீங்கள் போங்கள். வீடு வாடகைக்குத்தான் இருக்கிறது. ஷூவைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நில்லுங்கள். பாட வராது என்றெல்லாம் சொல்லாதீர்கள், தெரிந்த தாலாட்டு ஒன்று போதும். தாழ்ந்த குரலில் தொடங்குங்கள். அப்புறம் நிறுத்திவிட்டு, உங்கள் காலைக் கேளுங்கள்.

என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். கிறிஸ்துமஸ் விடியலில் கோயிலில் இருப்பேன். அவர்கள் எழுந்திருக்கும் இடம் வரும்போது, நானும் ஊரோடு சேர்ந்து காத்திருப்பேன்.