அண்ணியும் நாத்தனாரும் போட்ட ஆல்பம்

அண்ணிக்கு நல்ல குரல் என்று யாரும் சொன்னதில்லை. பத்தொன்பது வருஷமாக நாற்பது விசைத்தறிகளுக்கு நடுவே நின்று, பக்கத்துத் தறிக்காரிக்குக் கேட்கும்படி கத்திக் கத்தித் தொண்டை ரம்பம் மாதிரி ஆகியிருந்தது. அந்தத் தொண்டையோடுதான் அவள் பாடவும் செய்தாள். ஷெட்டில் எல்லாப் பெண்களும் பாடுவார்கள். யார் கட்டிய பாட்டு என்று தெரியாது. பாதிப் பாட்டு மேஸ்திரியைத் திட்டுவதாக இருக்கும். அவர் பக்கத்தில் வந்தால் மட்டும் வார்த்தைகள் நைசாக மாறிக்கொள்ளும்.

அவள் புருஷனின் தங்கையும் அதே ஷெட்டில்தான் வேலை பார்த்தாள். ‘தடாலடி’ என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். காலி டின்னில் தட்ட ஆரம்பித்தவள், பழைய டிரம் செட் ஒன்றை வாங்கி வீட்டு முன்னறையை அடைத்துவிட்டாள். தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ‘கண்ணாடி’ கிடாரோடு வந்து சேர்ந்தான். மூவரும் சேர்ந்து ‘ரெண்டாம் ஷிப்ட்’ என்று பேர் வைத்துக்கொண்டார்கள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே மேடையில் சண்டையில்லாமல் நிற்பதைப் பார்க்கவே கூட்டம் கூடியது.

அப்படி ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டுத்தான் ரெக்கார்டு கம்பெனிக்காரர் தேடி வந்தார். லீவு போட்டு ஒன்பது நாள் ஸ்டூடியோவில் பாடினார்கள். இரண்டு வாரம் கழித்து, பாட்டைக் கேட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம் என்று கூப்பிட்டு அனுப்பினார்.

முதல் பாட்டு ஓடியது. வார்த்தை அவர்களுடையது. கிடார் கண்ணாடியுடையது. குரல் மட்டும் தேனில் ஊறியது மாதிரி, வேறு யாருடையதோ.

“இது யாரு?” என்றாள் அண்ணி.

“உங்க பாட்டுதாம்மா. கொஞ்சம் மெருகு போட்டிருக்கோம்.”

“பாட்டு எங்களுது. தொண்டை யாருது?”

கம்பெனிக்காரர் சிரித்து மழுப்பினார். “உங்க குரல் மேடைக்கு சரி. வீட்ல உக்காந்து கேக்குறவங்களுக்குக் காதுல குத்தும்.”

“என் தாளத்த எவன் நிமித்தினது?” என்று குறுக்கே பாய்ந்தாள் தடாலடி.

“அது தப்பாப் போகுதே! நாலாவது அடி லேட்டா விழுது.”

“அதுவா விழல. நான் விழ வைக்கிறேன்.”

கண்ணாடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆல்பம் அட்டையில் தன் பேரைப் பார்க்கப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவன். “அக்கா, மொத ஆல்பம். இத விட்டுக்கொடுத்துட்டா, ரெண்டாவதுல நம்ம இஷ்டத்துக்குப் பண்ணலாம்” என்று முணுமுணுத்தான்.

“மொதல்லயே வேற வாயில பேசிட்டா, ரெண்டாவதுல என் வாய எவன் தேடப்போறான்?” பேனாவை மேஜையில் அவர் பக்கமாகவே உருட்டிவிட்டு அண்ணி எழுந்தாள்.

 பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தெரு முழுக்கச் சொல்லி வைத்தாயிற்று. நாளைக்கு எந்த முகத்தோடு ஷெட்டுக்குப் போவது? தடாலடி அவள் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அண்ணியின் புருஷன் அதிகம் பேசாத மனுஷன். மில் குடோனில் காவல் வேலை. அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். “ஞாயித்துக்கிழமை குடோனுக்கு யாரும் வரமாட்டாங்க. துணி மூட்டை கூரை வரைக்கும் இருக்கு. உள்ள நின்னு கத்துனாலும் வெளிய கேக்காது, எதிரொலியும் வராது. சாவி எங்கிட்டதான்” என்றார்.

கண்ணாடி முதல் ஞாயிறு வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, இரவல் வாங்கிய ரெக்கார்டரைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் நின்றான். “வந்துட்டேன். ஒண்ணும் கேக்காதீங்க.”

“கேக்கல. வயர மாட்டு” என்றாள் அண்ணி.

நாலு ஞாயிறு, எட்டுப் பாட்டு. கோரஸுக்கு ஷெட்டுப் பெண்கள் பதினோரு பேர். மேஸ்திரி பாட்டில் நைசான வார்த்தையைப் போடலாமா என்று ஒருத்தி தயங்கினாள். அண்ணி ஒரே போடாகப் போட்டாள்: “நெசமானதையே பாடு.”

பாட்டுகளை அவர்களே நெட்டில் போட்ட திங்கட்கிழமை மேஸ்திரி அவளைக் கூப்பிட்டார். “அது என்னையா?”

“உங்களத்தான்.”

அவர் அவளை மூலையில், காற்றே வராத தறிக்கு மாற்றினார். அவள் அங்கேயும் பாடினாள்.

ஒரு விமர்சகர், ‘காதில் மணல்தாள் தேய்த்த அனுபவம்’ என்று எழுதினார். தடாலடி அதைக் கத்தரித்து கேன்டீன் சுவரில் ஒட்டினாள். ஆனால் பாட்டு போன் போனாகத் தாவியது. லாரி டிரைவர்கள் கேட்டார்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் கேட்டார்கள். ஒரு வருஷத்துக்குள், கண்ட கண்ட இசைக்குழுவிலும் நாலாவது அடி லேட்டாக விழ ஆரம்பித்தது. ஒரு பத்திரிகைக்காரர் வந்து, “இந்தத் தாளத்துக்கு எத்தனை நூற்றாண்டுப் பாரம்பரியம்?” என்று பவ்யமாகக் கேட்டார். “பதினாலாம் நம்பர் தறிங்க. ரிப்பேர். ஆறு வருஷமா மெக்கானிக் வரல” என்றாள் தடாலடி.

ஒரு மத்தியானக் கச்சேரிக்கு முன்னால், மேடைக்குப் பின்புறம் ஒரு பெண்மணி வந்து நின்றாள். அண்ணியைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவள். வாயைத் திறந்ததுமே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. அதே தேன்.

“உங்களுக்கு உடம்பு முடியல, அதான் உங்களுக்குப் பதிலாப் பாடச் சொல்றோம்னு கம்பெனியில சொன்னாங்க. அப்புறந்தான் விஷயம் தெரிஞ்சுது” என்றாள் அவள். “முப்பது ஆல்பத்துல பாடியிருக்கேன். ஒண்ணுலயும் என் பேரு கெடையாது.”

 அண்ணிக்கு நறுக்கென்று நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கேட்டது வேறு. “எந்த வரி கஷ்டமா இருந்துச்சு?”

“மூணாவது. மூச்சு வாங்க எடமே இல்ல.”

“ஒருத்தி பாடினா எடம் இருக்காதுங்க. நான் மூச்சு வாங்கும்போது பக்கத்துத் தறிக்காரி எடுத்துக்குவா. அது அப்படிப்பட்ட பாட்டு.” அண்ணி மைக்கை நோக்கி நடந்தாள். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். “வாங்க. என்ன நிக்கிறீங்க?”

அந்தப் பெண்மணி மேடையேறினாள். கூச்சத்தில், குரலை வேண்டுமென்றே கரகரவென்று ஆக்கிக்கொண்டு தொடங்கினாள். அண்ணி கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினாள். 

“என் தொண்டை எனக்கு. உங்க தொண்டையில பாடுங்க.”

தடாலடி மறுபடி ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் அண்ணி நிறுத்தி, நிதானமாக மூச்சு வாங்கினாள். பக்கத்துக் குரல் வரியைப் பிடித்துக்கொண்டு மேலே போனது.