நீர்மாலைக்குப் பூட்டு

நீர்மாலை எடுக்கப் போனவர்கள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார்கள். தப்புச் சத்தம் பாதி வழியிலேயே நின்றுபோனதால், என்னவோ ஏதோ என்று வீரம்மா வாசலுக்கு வந்தாள். முன்னால் வந்த ராஜு, செத்துப்போன சன்னாசியின் தம்பி, குடத்தைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றான். பிணத்தைக் குளிப்பாட்ட எடுத்துவரும் தண்ணீர்க்குடத்தை வழியில் தரையில் வைக்கக் கூடாது. வெறுங்குடத்துக்கும் அந்த முறை உண்டா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கெணத்துப் பூட்டச் சாவுக்குக்கூடத் தொறக்கல அண்ணி. டிரசர் சாவியத் தரமாட்டேங்கிறாரு லா. போர்டு உத்தரவாம்."

தோட்டக் கூலிகளின் லயத்து அறையில் பாதியை அடைத்துக்கொண்டு சன்னாசி பெஞ்சில் கிடந்தான். வயிற்றுக்கடுப்பு வந்து, ரத்தமாகப் போய்ப் போய், ஆள் பாதியாகி, விடியும்போது அடங்கிவிட்டான். இருட்டுவதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும்.

சுகாதார போர்டு என்று ஒன்று இருப்பதே போன வருசம் வரைக்கும் அந்த லயத்துக்குத் தெரியாது. கோப்பெங் டவுனிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த தோட்டம் அது. திடீரென்று ஒருநாள் தொப்பி போட்ட இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, ஒழுகுகிற கூரையை அண்ணாந்து பார்த்தார். கக்கூஸ் எங்கே என்று கேட்டார். கங்காணி சின்னையா கையை அகல விரித்து ரப்பர்க் காட்டைக் காட்டினார். கூரைக்கு ஒன்றும் நடக்கவில்லை. கக்கூசுக்கு மட்டும் உத்தரவு வந்தது. குழி வெட்டிக் கட்ட வேண்டும், குடியிருக்கும் அறையிலிருந்து இத்தனை அடி தள்ளியிருக்க வேண்டும் என்றது உத்தரவு.

கங்காணி அறை வாசலிலிருந்து கயிறு பிடித்து அளந்து, கயிறு முடிந்த இடத்தில் கம்பு நட்டார். நட்ட இடத்தில் சன்னாசி குழி வெட்டினான். அதற்குக் கீழே சரிவில் கிணறு இருந்தது. கிணற்றிலிருந்து அளக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை, அதனால் யாரும் அளக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து அளந்து பார்த்து, எல்லாம் சரி என்று சந்தோசமாகப் போய்ச் சேர்ந்தார். ஜனங்களும் சொன்ன பேச்சைத் தட்டாமல் காட்டை விட்டுவிட்டுக் குழிக்கே போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. வீடு வீடாக வயிறு கலங்கியது. இரண்டு குழந்தைகள் போன பிறகுதான் போர்டு இன்னொரு தடவை வந்து, குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் கயிறு பிடித்தது. கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டிவிட்டு, குடிக்க மட்டும் வண்டியில் பீப்பாத் தண்ணீர் அனுப்பியது.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வீரம்மாவுக்கு எல்லார்மேலும் கோபமாக வந்தது. வெட்டினவன்மேலும் கொஞ்சம் வந்தது.

கங்காணி தொண்டையைச் செருமினார். "வண்டியில வர்ற பீப்பாத் தண்ணியில ரெண்டு கொடம் தரச் சொல்றேன் தாயி. இல்லாட்டி ஆத்துல மொண்டுக்கிட்டு வரச் சொல்லு."

"ஆத்துல ஈயச் சொரங்கத்துச் சேறுதான் ஓடுது. பீப்பாத் தண்ணி புள்ளைங்க குடிக்கிறது. கப்பல் எறங்கி வந்ததுலேர்ந்து அந்தக் கெணத்துலதான் குளிச்சாரு. அதுலயே குளிச்சிட்டுப் போகட்டும்."

"அதுதானம்மா ஆளக் கொன்னுச்சு."

"கெணறு கொல்லல" என்றாள் வீரம்மா.

கங்காணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிணத்தைப் போட்டுவிட்டுப் பெண்டாட்டி வெளியே போவதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். வீரம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சரிவில் இறங்கினாள். கிணற்றடியில் டிரசர் கார்த்திகேசு நின்றிருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். பல நாளாகத் தூங்காத கண்கள் அவருக்கும்.

"ஐயா, சாவியக் குடுங்க."

"திறக்கேலாது அம்மா. நாளைக்குப் போர்டு ஆக்கள் வருவினம். கொதிக்க வைக்காமல் இந்தத் தண்ணியைப் பாவிக்கக் கூடாதெண்டு உத்தரவு."

"குடிக்கக் கேக்கல ஐயா. செத்தவருக்குத்தான்."

"செத்த ஆளுக்கு வேற, உயிரோட இருக்கிற ஆளுக்கு வேறயெண்டு உத்தரவில ஒண்டும் இல்லை."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவர் அப்படித்தான் யோசித்திருந்தார். வீரம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப, கொதிக்க வச்சா தருவீங்களா?"

கார்த்திகேசு உத்தரவை மனதுக்குள் முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்தார். மறுப்பதற்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை.

"கொதிக்க வைச்சால் தரலாம்" என்று கடைசியில் சொன்னார்.

மாரியம்மன் கோயில் அண்டா வந்தது. கிணற்றடியிலேயே கல் கூட்டி, ஈர ரப்பர் விறகை அடுக்கினார்கள். தீ பிடிக்காமல் புகைதான் சுருண்டது. கார்த்திகேசு கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தானே தண்ணீர் இறைத்து ஊற்றினார். "தளதளவெண்டு கொதிக்க வேணும்" என்று அண்டாவை விட்டு நகராமல் நின்றார். தண்ணீர் காயும்போது தப்படிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தப்புக்காரர்கள் குத்தவைத்துப் பீடி பிடித்தார்கள். கல்யாண வீட்டுக்கு வெந்நீர் போடுகிற மாதிரி இருக்கு என்று ஒருவன் சொல்ல, இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

கொதிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை என்றார் கங்காணி. அப்படியே குடங்களில் மொண்டார்கள். நான்கு பேர் வேட்டியை விரித்துத் தலைக்குமேல் பிடிக்க, தப்பு முழங்க, நீர்மாலை மேடேறியது. பந்தலாகப் பிடித்த வேட்டிக்குக் கீழே ஆவி சுற்றிக்கொண்டே வந்தது. ராஜு துண்டை நாலாக மடித்துப் பித்தளைக் குடத்துக்கு அடியில் வைத்திருந்தான். அப்படியும் இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக மாற்றினான். கீழே வைக்க முடியாது. அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது, சூட்டிலா அண்ணனை நினைத்தா என்று யாரும் கேட்கவில்லை.

வாசலில் பலகை போட்டுச் சன்னாசியை உட்கார்த்திப் பிடித்திருந்தார்கள். எண்ணெயும் சீயக்காயும் வைத்தாயிற்று. முதல் செம்பைப் பெண்டாட்டிதான் ஊற்ற வேண்டும். வீரம்மா குடத்தில் மொண்டு அவன் தலைக்கு நேரே உயர்த்தினாள். ஊற்றுமுன் இன்னொரு கையின் விரல் பழக்கத்தில் செம்புக்குள் போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஊத்து தாயி, பொழுது சாயுது" என்றார் கங்காணி.

"சுடுது" என்றாள் வீரம்மா.

தப்படித்துக்கொண்டிருந்தவன் தானாகவே நிறுத்தினான்.

வீரம்மா இன்னொரு செம்பைக் கேட்டு வாங்கி, குந்தி உட்கார்ந்து, இதிலிருந்து அதிலும் அதிலிருந்து இதிலும் ஊற்றி ஆற்றினாள். அவசரப்படாமல் ஆற்றினாள். கூட்டம் நின்றது. கார்த்திகேசு கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். புறங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு தடவை ஆற்றினாள்.

பிறகு எழுந்து, சீயக்காய் கண்ணில் இறங்கிவிடாதபடி ஒரு கையை அவன் நெற்றியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஊற்றினாள்.