கை கழுவணும்

தன்யூப் ஆற்றங்கரை மேட்டுத்தெருவில் வேலிச்செடி கத்தரிக்கப் போகும் நாள்களில் தெசாங்கா காலையில் தண்ணீரே குடிக்க மாட்டாள். சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, தினமும் மூன்று லிட்டர் குடி என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவருக்கென்ன, அவர் அறையை ஒட்டியே கழிப்பறை இருக்கிறது. ஊரார் வீட்டுத் தோட்டத்தில் பகலெல்லாம் ஏணிமேல் நிற்கிற ஐம்பத்தோரு வயதுப் பெண்ணுக்கு எங்கே இருக்கிறது?

கூட வேலை செய்யும் மியோத்ராக்குக்கு இந்தக் கவலையே கிடையாது. ஏதாவது ஒரு மரத்துக்குப் பின்னால் போவான், சீட்டியடித்துக்கொண்டு திரும்பி வருவான்.

அன்று தோப்ரிலா அம்மாவின் வீடு. வசதியான வீடு, மூலைக்கு ஒரு கேமரா. பத்து மணிக்கே அந்த அம்மா தட்டோடு வந்துவிட்டாள். காபி, ஒரு கரண்டி செர்ரிப் பாகு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர்.

“வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்.”

“என்ன பொண்ணு நீ! என் வீட்டுக்கு வந்துட்டு ஒரு வாய் காபி குடிக்காம போவியா? அப்புறம் ஊர்ல என்னை என்ன பேசுவாங்க?”

அங்கே காபியை மறுப்பதும் கன்னத்தில் அறைவதும் ஒன்று. குடித்தாள். அந்த அம்மா பக்கத்திலேயே நின்று தண்ணீரையும் குடிக்க வைத்தாள். பதினொன்றரைக்கு எலுமிச்சைச் சாறு வந்தது. உபசரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. குடித்தது எங்கே போகும் என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். அந்த ஊரில் எந்தப் பெண்ணும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கை கழுவணும் என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

“அம்மா, கொஞ்சம் கை கழுவிக்கலாமா?”

வராந்தாவில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த தோப்ரிலாவின் கத்தி ஒரு கணம் நின்றது. அதைத் தெசாங்கா பார்த்தாள். பிறகு அந்த அம்மா சிரித்தாள்.

“அதுக்கென்ன, தாராளமா! செடிக்குத் தண்ணி விடுற குழாய் அதோ இருக்கு பாரு. சோப்பு வேணுமா?”

“வேணாம்மா.”

குழாயடிக்குப் போய் நிஜமாகவே கையைக் கழுவினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதில் உயிரே போய்விடும்போல இருந்தது. வெளிப்படையாகக் கேட்டால் என்ன என்று மனம் இடித்தது. நாக்கு எழவில்லை. மறுபடி ஏணியில் ஏறினாள்.

அரைமணி நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. தோப்ரிலாவின் சிநேகிதி ஸகோர்கா, நகரத்திலிருந்து வந்திருந்தாள்.

“அப்பாடா, பாலத்துல என்ன நெரிசல்! மொதல்ல நான் கை கழுவணும்டி.”

“வாடி வா, எடது பக்கம் ரெண்டாவது கதவு. புதுத் துண்டு வெச்சிருக்கேன்.”

அதே வார்த்தை. ஏணிமேல் நின்ற தெசாங்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கத்தரியைக் கீழே போட்டுவிட்டு இறங்கினாள்.

“அக்கா, எங்க போற?” என்றான் மியோத்ராக்.

“மனுஷங்க போற எடத்துக்கு.”

வாசற்கதவு திறந்தே இருந்தது. எட்டு அடி நடந்தால் குளியலறை. உள்ளே இருக்கும் ஸகோர்கா வெளியே வரும்வரை கதவோரம் நின்றாவது சமாளித்திருப்பாள். ஆனால் வெளிச் செருப்போடு அடுத்தவர் வீட்டுக்குள் கால் வைக்க அந்த மண்ணில் பிறந்த யாருக்கும் வராது. அந்த நிலைமையிலும் அவளுக்கு வரவில்லை. குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். ஏணியில் தடுக்காமலிருக்க இரட்டை முடிச்சாகப் போட்டது. ஒரு காலில் பூட்ஸ் கழன்றது. இரண்டாவது முடிச்சில் நகம் வழுக்கியபோது எல்லாம் கைமீறிப் போயிற்று. காலுறை நனைந்து, வாசல் கால்மிதி நனைந்து, வெள்ளைப் பளிங்குத் தரையில் ஓடியது.

தோப்ரிலா ஓடிவந்தாள். “ஐயையோ! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேனேம்மா. கை கழுவணும்னு சொன்னேனே.”

“நான் நெஜமாவே கையின்னுல்ல நெனச்சேன்!”

ஸகோர்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தோப்ரிலா உள்ளே போய் ஒரு வாளியும் துணியும் கொண்டுவந்து தெசாங்காவின் பக்கத்தில் வைத்தாள். தெசாங்கா மண்டியிட்டுத் துடைத்தாள். அழுகை வரவில்லை. அந்த அம்மாவின் மேல் வந்ததைவிட, குனிந்து கயிற்றை அவிழ்த்த தன் கைமேல்தான் அதிக ஆத்திரம் வந்தது.

வெளியே வந்தபோது மியோத்ராக் அப்போதுதான் போனைச் சட்டைப் பையில் போட்டான். பேசியது முதலாளி. அவன் இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்னவாம்?”

“அந்தம்மா போன் பண்ணினாங்களாம். அடுத்த தடவை ரெண்டு பேருமே ஆம்பளையா அனுப்பச் சொன்னாங்களாம். உனக்கு ஒடம்பு முடியலன்னு ரொம்ப அக்கறையாத்தான் சொன்னாங்களாம்.”

“மத்த வீடு?”

“தெருவுல எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்கக்கா.”

தெசாங்கா வேனில் ஏறப் போனாள். “இரு அக்கா” என்று சொல்லி அவன் முந்திக்கொண்டு ஓடி, அவள் உட்காரும் இருக்கைமேல் ஒரு சாக்கை விரித்தான். நல்ல மனதோடுதான் விரித்தான். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.