ஸ்கிலாகோஸ் கோபுரத்தின் அடைத்த துளை

இப்போதெல்லாம் சுட்டவன் யார், செத்தவன் யார் என்று எவனும் கேட்பதில்லை. சன்னலைத் திறந்தால் கடல் தெரியுமா என்றுதான் கேட்கிறான். கிரேக்க நாட்டுத் தென்கோடியில், எங்கள் மானி மலையில் கோபுர வீட்டையெல்லாம் விடுதியாக்குகிறார்கள்.

எதிர்க்குன்றின் உச்சியில் ஸ்கிலாகோஸ் குடும்பத்தின் கோபுரம். அதன் இரண்டாம் மாடிச் சுவரில் துப்பாக்கி நீட்டிச் சுட விட்டிருந்த துளையிலிருந்துதான் என் தாத்தாவின் அண்ணன் தானாசிஸைச் சுட்டார்கள். எங்கள் களத்தில் கோதுமை போரடித்துக்கொண்டிருந்தார். ஆறு வருடம் சண்டை. கடைசியில் அவர்களே வெறுங்கையும் வெறுந்தலையுமாக வந்து எங்கள் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். கோபுரத்தின் உச்சி மாடியை இடிக்கணும், அந்தத் துளையைக் கல் வைத்து அடைக்கணும் என்றோம். செய்தார்கள். தினமும் அந்த அடைப்பைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி குடிப்பேன். நன்றாக இறங்கும்.

போன வாரம் அடைப்பைக் காணோம். பிரேயஸ் பட்டணத்திலிருந்து வந்த அந்த வீட்டுப் பேரன் இலியாஸ் பிடுங்கிவிட்டான்.

கைத்தடியோடு ஏறிப் போனேன்.

"வாங்க பெரியவரே. சுடத்தான் வந்தீங்களா?" என்றான்.

"துளைய அடைடா. உங்க ஆளுங்க குடுத்த வாக்கு."

"அடைக்கிறேன். முதல்ல அதுல கண்ண வச்சு உங்க களத்தப் பாருங்க."

ஒன்றரை முழச் சுவர். துளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டு விரல் அகலம்தான். குனிந்து பார்த்தேன். ஊற்றுக்குப் போகிற பாதை தெரிந்தது. தலையை எப்படித் திருப்பினாலும் களம் தெரியவில்லை. ஒரு துடைப்பக் கட்டையை அதில் சொருகினான். அதுவும் ஊற்றைத்தான் காட்டியது.

"இந்தப் பக்கம் வேற துளையே இல்ல. உங்க பெரிய தாத்தாவ எப்படிச் சுட்டிருப்போம்?"

"சுடாதவன் எதுக்குடா மன்னிப்புக் கேட்டான்?"

"அந்த ஆறு வருஷமும் வெளிய வந்து ஆலிவ் பறிக்க முடியல. பசி, பெரியவரே. சுட்டது யாருன்னு உங்க வீட்டுக்குள்ள தேடுங்க."

"பிடுங்கும்போது கல்ல மாத்தி வச்சிட்ட!"

பக்கத்தில் சுவர் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் சிரித்தார். "நூத்தம்பது வருஷச் சுண்ணாம்பு தாத்தா, நகத்தால சுரண்டிப் பாருங்க."

சுரண்டவில்லை. இறங்கிவிட்டேன்.

எங்கள் களத்தின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தேன். கட்டை இன்னும் ஊற்றுப் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தது.

கட்டை கோணல். பட்டணத்தான் வாங்கிய கட்டை வேறெப்படி இருக்கும்? வீட்டைப் பார்த்து நடந்தேன்.