மீசை வைத்த கொடி

கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரிவதால் வீட்டில் அவளுக்குப் பென்சில் என்றே பெயர் நிலைத்துவிட்டது. உள் அலங்காரம் படிக்கப் போன நாளிலிருந்து, சும்மா கிடக்கும் பொருள் என்று அவள் கண்ணுக்கு உலகத்தில் எதுவுமே இல்லை. ஜன்னல் கம்பியைக் கண்டால் நின்றுவிடுவாள். டீ வடிகட்டியின் ஓட்டைகளைக் கண்டால், இதையே திரும்பத் திரும்பப் போட்டால் எப்படி இருக்கும் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைய உட்கார்ந்துவிடுவாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழியும். அம்மா திட்டுவாள். திட்டு வாங்கிக்கொண்டே வழிந்த பாலின் ஓரத்தையும் வரைவாள். ஆர்வக் கோளாறு என்று சொல்வார்களே, அது இதுதான்.

அப்படிப்பட்டவளிடம் போய் கல்லூரி ஆசிரியை ஒரு சுவரையே தருகிறேன் என்றால் என்ன ஆகும்? குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் புதிதாக மருத்துவமனை கட்டுகிறாராம். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு சுவர் முழுக்க ஒட்ட அச்சடித்த தாள் வேண்டுமாம். முதல் வருடப் பிள்ளைகள் ஆளுக்கொரு படம் வரைய வேண்டும். அவரே நேரில் வந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். பென்சிலுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வருடத்திலேயே நிஜச் சுவர்! அது தனக்குத்தான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டாள்.

வேலை என்னவோ ஒரு சதுரத் தாளில்தான். ஆனால் அந்தத் தாளையே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போனால் ஒட்டு தெரியக் கூடாது. ஒரு தாளின் வலது ஓரத்தில் வெட்டுப்பட்ட பூ, அடுத்த தாளின் இடது ஓரத்தில் போய் முழுமையாக வேண்டும். பார்வை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கேயும் தடுக்கி விழக் கூடாது என்பது ஆசிரியையின் சட்டம். பென்சில் ஒரு கொடி வரைந்தாள். இரண்டு ஓரத்திலும் பாதிப் பாதியாக வட்டப் பூ, நடுவில் தொங்கும் மொட்டு, மொட்டுக்குக் கீழே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுருண்டு ஏறும் இரண்டு இலை. தாளைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். ஆனால் இது உண்மையிலேயே பொன் குஞ்சுதான்.

திங்கட்கிழமை காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் நகல் எடுத்து வந்து, பெரிய அட்டையொன்றில் வரிசையாக ஒட்டி, கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஓரங்கள் ஒட்டின. அப்படி ஒட்டின! சந்தோஷத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா வந்தாள், பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். பென்சிலுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். அப்புறம் புரிந்தது. பாதிப் பூக்கள் சேர்ந்து முழுப் பூக்களாகி, கண்களாக முழித்துப் பார்த்தன. மொட்டு மூக்காகியிருந்தது. சுருண்ட இலைகள் என்னவாயின என்று சொல்லவும் வேண்டுமா? வரிசை வரிசையாக, மேலிருந்து கீழ்வரை, மாடி மாமா!

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மாடியில் குடியிருக்கிறார், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவர் மீசை முதலில் அறைக்குள் வரும், பின்னாலேயே அவர் வருவார்.

“பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது கேள்விப்பட்டிருக்கேன்டி. கொடி வரைய மாமாவானது இப்பதான் பாக்கறேன்” என்றாள் அக்கா.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்; பேப்பர் குலுங்கியது. அந்த நேரம் பார்த்தா மாமா இறங்கி வர வேண்டும்? வந்தார். அட்டைக்கு நேராகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிதானமாகப் பார்த்தார். கொடி குளிர்ச்சியாக இருக்கிறது, நாளைக்கு வேனிலேயே கொண்டுபோய் இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்.

பென்சில் அழிப்பானைத் தேடி எடுத்தாள். பார்வை தடுக்கி விழக் கூடாதென்றால் இங்கே வரிசைக்கு வரிசை மீசையில் விழுகிறதே. அது மட்டுமா? படம் போடுவதெல்லாம் ஒரு படிப்பா என்று வீடே முறைத்தபோது, அப்பாவோடு மல்லுக்கு நின்று அவளைச் சேர்த்துவிட்டது அந்த மீசைதான். அதைப் போய் ஊர் சிரிக்க வைப்பதா? இலைகளை மேல்நோக்கி நிமிர்த்தினாள். மொட்டை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். மாமா மறைந்தார். ஓடிப்போய் நகல் எடுத்து வந்தாள். வேறு அட்டை வாங்கலாமென்றால் அட்டை விற்கும் கடை ஞாயிற்றுக்கிழமை என்று பூட்டியிருந்தது. அதே அட்டையின் மறுபக்கத்தில் புதியதை ஒட்டினாள். அழகாகத்தான் இருந்தது. என்ன, பார்த்துவிட்டுத் திரும்பினால் என்ன பார்த்தோம் என்று நினைவில்லை.

மறுநாள் கல்லூரிச் சுவர்களில் எல்லாம் மற்றவர்கள் முந்திக்கொண்டு தங்கள் அட்டைகளைச் சாய்த்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மாமாவே அட்டையை மார்போடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லோரிடமும் நன்றாக இருக்கிறது என்றார். பென்சிலிடமும் நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த ஆளிடம் போக ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார்.

போயிற்று, சுவர் போயிற்று. பென்சிலுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் பொன் குஞ்சு அட்டைக்குப் பின்னால் மாமாவின் சட்டையோடு ஒட்டிக் கிடக்கிறது, முன்னால் நிற்பது யாரோ பெற்ற பிள்ளை. ஆசிரியையைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள்.

“மாமா, கோச்சுக்காதீங்க. அட்டையைத் திருப்பிப் பிடிங்க.”

மாமா ஒன்றும் கேட்காமல் திருப்பினார்.

டாக்டரம்மா திரும்பினார். கண்கள் விரிந்தன. அட்டையைப் பார்த்தார், அட்டைக்கு மேலே நின்ற முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வகுப்பே கூடிவிட்டது. ஆசிரியை மட்டும், பார்வை அங்கேயே மாட்டிக்கொள்கிறதே, இது பிழை இல்லையா என்றார்.

“மாட்டணும்னுதாங்க எனக்கு வேணும்” என்றார் டாக்டரம்மா. “அங்க உக்காந்திருக்கிற குழந்தைங்க கண்ணு எப்பவும் என் கதவுமேலதான். பயந்துக்கிட்டே பாக்கும். இதை ஒட்டினா மீசையைத் தேடிக்கிட்டு இருக்கும்.”

சுவர் கிடைத்துவிட்டது! தோழிகள் கத்தினார்கள், யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், கொண்டையிலிருந்து பென்சில் எங்கேயோ விழுந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் மாமாவின் முகத்தைப் பார்க்கத்தான் துணிச்சல் வரவில்லை.

மாமா அட்டையை மெதுவாக இறக்கி, எதிரே இருந்த நாற்காலியில் சாய்த்து வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு, நேற்று நின்ற மாதிரியே நின்றார். அவள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய், வேண்டுமென்று செய்யவில்லை மாமா என்று ஆரம்பித்தாள்.

“என் மீசைன்னு பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு, நேத்தே சொல்லியிருப்பேன். நீ மறைக்கிற மும்முரத்துல இருந்த, சரின்னு விட்டுட்டேன்” என்றார் மாமா. பிறகு மீசையின் இரண்டு முனையையும் ஒரு முறை முறுக்கிவிட்டுக்கொண்டு, அவள் காதோரம் குனிந்தார். “அச்சடிக்கறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பெருசா போட்டுடும்மா.”